நீடிய பொறுமையும் எங்க பெரியப்பாவும்

டிசம்பர் வந்தாச்சு. நாசரேத், மெஞ்ஞானபுரம், பாளையங்கோட்டைப் பக்கம் வாசலுக்கு வாசல் ஸ்டார் எரியுது. சென்னையிலயும் பெங்களூர்லயும் துபாய்லயும் இருக்கிறவங்க டிக்கெட் போட்டு வச்சிருப்பீங்க. கூடவே ஊர்ல இருக்கிற ஒரே ஒரு ஆளை நினைச்சு இப்பவே பல்லைக் கடிச்சிட்டும் இருப்பீங்க.

அந்த ஒரு ஆளைப் பத்தினதுதான் இந்தத் திரெட். கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒருத்தர் உண்டு. வீட்டுப் பங்கு பேச்சை, பிரியாணிக்கு இலை போட்ட பிறகுதான் எடுக்கிற சித்தப்பா. மருமகள் ராத்திரி முழுக்க உக்காந்து சுட்ட முந்திரிக்கொத்தை ரெண்டு தின்னுட்டு, "மேல்மாவு கனமாப் போச்சு"ன்னு சொல்ற மாமியார். கல்யாணம் ஆகாதவங்ககிட்ட கல்யாணத்தையும், ஆனவங்ககிட்ட பிள்ளையையும், ஒண்ணு பெத்தவங்ககிட்ட ரெண்டாவதையும் விசாரிக்கிற சித்தி. எனக்கு வாய்ச்சது ஒரு அத்தை. "ஏட்டி, இன்னும் எம்.பி.பி.எஸ். மட்டுந்தானா? எதுத்த வீட்டுப் பிள்ளை எம்.டி.யே முடிச்சிட்டா." வருஷா வருஷம், சரியா கேக் வெட்டுற நேரத்துல.

கிறிஸ்தவங்க வீட்டுல இதுக்கெல்லாம் ஒரே மருந்துதான் எழுதுவாங்க. பொறுத்துக்கோ. பண்டிகை நாளு. நீடிய பொறுமை வேணும். இந்த மருந்தை யாருக்கு எழுதுறாங்க, எவ்வளவு டோஸ் எழுதுறாங்க, எதுக்கு எழுதுறாங்கன்னு பாத்தா, பல நேரம் தப்பான நோயாளிக்குத் தப்பான மருந்து போகுதுன்னு எனக்குத் தோணுது. அதைத்தான் சொல்ல வந்தேன். நான் சி.எஸ்.ஐ. குடும்பத்துப் பிள்ளை. அதனால எங்க வீட்டுல இருந்தே தொடங்குறேன். தீபாவளி, பொங்கல், ரம்ஜான் கொண்டாடுறவங்களும் வாசிக்கலாம். ஆள் பேரும் பலகாரமும்தான் மாறும்.

எங்க பெரியப்பாவுக்கு வயசு 74. ரிட்டயர்டு தலைமை ஆசிரியர். (அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "எழுது, பேரைப் போடாத"ன்னுட்டார்.) ஒரு நாலு வருஷமா ஆளே மாறிப் போனார். வீட்டுப் பொம்பளைங்க கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டார். ஆம்பளைங்க கூப்பிட்டா உடனே பதில் வரும். நாலு பேர் உக்காந்து பேசுற இடத்துல கொஞ்ச நேரம் இருப்பார், அப்புறம் "என்னைப் பத்தி என்ன குசுகுசுன்னு பேச்சு?"ன்னு எந்திரிச்சுப் போயிடுவார். ஒண்ணு கேட்டா வேற ஒண்ணு சொல்வார். திமிர், ஆணாதிக்கம், வயசானா இப்படித்தான். இது அத்தனையும் நாங்க சொன்னதுதான். நானும் சொன்னேன்.

மூணு வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ் மத்தியானம். 35 பேருக்குச் சாப்பாடு. பிள்ளைங்க கத்தல், டிவி, மேல ரெண்டு ஃபேன். எங்க அம்மா பரிமாறிட்டே, "பச்சடி வைக்கட்டா அத்தான்?"ன்னு கேட்டாங்க. பதில் இல்ல. இன்னொரு தடவை கேட்டாங்க. பதில் இல்ல. மூணாவது தடவை கொஞ்சம் சத்தமாவே கேட்டாங்க. பெரியப்பா இலையைத் தள்ளிட்டு, "மனுஷனை நிம்மதியாத் தின்ன விடமாட்டியளா? எதுக்கு இப்படிக் கத்துதிய?"ன்னு ஒரு சத்தம் போட்டார். வீடே அடங்கிப் போச்சு. அம்மா அடுக்களைக்குள்ள போய் அழுதாங்க.

அப்ப நான் பொறுமையா இருக்கல. எல்லார் முன்னாலயும், "பொம்பளைங்கன்னா உங்களுக்கு அவ்வளவு இளக்காரமா பெரியப்பா?"ன்னு கேட்டுட்டேன். அவர் கை கழுவிட்டு, செருப்பைப் போட்டுட்டு, வெயில்ல நடந்து வீட்டுக்குப் போயிட்டார். அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் எங்களுக்குள்ள பேச்சு இல்ல.

அந்த ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு நாள் ஓ.பி.யில ஒரு பெரியவர் வந்தார். கூட அவர் மகள். அந்தப் பொண்ணு சலிச்சுக்கிட்டே சொல்லுது: "நான் கேட்டா பதிலே வராது டாக்டர். தம்பி கேட்டா மட்டும் வரும்." அது முடிக்கும் முன்னாடியே நான் பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டேன். வயசுனால வர்ற காது மந்தத்துல முதல்ல போறது உச்ச ஸ்தாயி ஒலிகள்மா. பொம்பளைங்க குரலும் பிள்ளைங்க குரலும் ஆம்பளைக் குரலைவிட ஸ்தாயி கூடினது. அதனால உன் குரல்தான் முதல்ல நழுவும். ச, ஸ, ஷ மாதிரி எழுத்துக்களும் நழுவும். யாரோ பேசுறது கேட்கும், என்ன பேசுறாங்கன்னு பிடிபடாது. கூட்டத்துல, சத்தத்துல இன்னும் மோசம். இதுல இன்னொரு கொடுமையும் உண்டு. உள்காது பழுதானா மெல்லிய சத்தம் கேட்காது, ஆனா சத்தம் ஒரு அளவைத் தாண்டினா காதுக்குள்ள அடிச்ச மாதிரி இருக்கும். நீ ரெண்டு தடவை மெதுவாக் கேட்டது அவருக்குத் தெரியாது. மூணாவது தடவை கத்தினது மட்டும்தான் தெரியும். அவரைப் பொறுத்தவரை நீ எடுத்த எடுப்புல கத்தியிருக்க.

இதைச் சொல்லி, காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு பாத்து, இ.என்.டி.க்குச் சீட்டு எழுதி அனுப்பிட்டேன். சாயங்காலம் ஸ்கூட்டியில வீட்டுக்குப் போயிட்டு இருக்கேன். லெவல் கிராசிங் கேட் போட்டிருக்கு. அங்க நிக்கும்போதுதான் உறைச்சுது. பச்சடி. மூணு தடவை. மூணாவது தடவைதான் சத்தமா.

யாரோ ஒருத்தருக்கு மூணு நிமிஷத்துல கண்டுபிடிச்சதை, எங்க பெரியப்பாவுக்கு நாலு வருஷமா நான் பாக்கல. நான்தான் அந்தக் குடும்பத்துல ஒரே டாக்டர்.

ஏன் பாக்கலன்னு பல நாள் யோசிச்சிருக்கேன். ஆஸ்பத்திரியில ஒருத்தர் என்கிட்ட எரிஞ்சு விழுந்தா, உடனே 'ஏன்'னு ஒரு கேள்வி தானா வரும். வலியா, பயமா, காலையில இருந்து சாப்பிடலயா, காய்ச்சலா. அது என் நல்ல குணம் இல்ல, பயிற்சி. வீட்டுல அந்தக் கேள்வி வராது. வீட்டுல நேரா தீர்ப்புதான். நமக்கு அவங்களை இருபது முப்பது வருஷமாத் தெரியும்கிற நினைப்பு. தெரிஞ்ச ஆளை யாரு பரிசோதிப்பா?

வேதாகமத்துல வர்ற அந்த 'நீடிய' என்கிற சொல்லை இதுக்கு அப்புறம்தான் கவனிச்சேன். பொறுமைன்னு சொன்னா போதாதா, அது என்ன நீடிய பொறுமை? புதிய ஏற்பாட்டு கிரேக்கத்துல இதுக்கு ரெண்டு சொல் இருக்கு. ஒண்ணு 'ஹுப்பொமொனே'. பாரத்துக்குக் கீழ நிலைச்சு நிக்கிறது. நோய், வறுமை, துன்பம் இதுகளைத் தாங்குறதுக்குப் பெரும்பாலும் அது. இன்னொண்ணு 'மக்ரோதுமியா'. மக்ரோன்னா நீளம், துமோஸ்னா கோபம், கொதிப்பு. கொதிக்க நீண்ட நேரம் எடுத்துக்கிறது. மனுஷங்ககிட்ட காட்டவேண்டிய பொறுமைக்குப் பெரும்பாலும் இந்தச் சொல்தான். பழைய ஏற்பாட்டு எபிரெயத்துல இன்னும் வேடிக்கை. அதை எழுத்துக்கு எழுத்து எடுத்தா 'மூக்கு நீளமானவர்'னு வரும். எபிரெயத்துல மூக்குக்கும் கோபத்துக்கும் ஒரே சொல். நமக்கு மட்டும் என்ன, மூக்குக்கு மேல கோபம் வருதுன்னுதானே சொல்றோம்? மூக்கு நீளமா இருந்தா கோபம் நுனிக்கு வர நேரமாகும்னு வச்சுக்கலாம். (மொழி அறிஞர்கள் சண்டைக்கு வராதீங்க, இந்தக் கடைசி வரி என் சொந்தச் சரக்கு.)

அதாவது இந்தச் சொல்லுக்குள்ள இருக்கிறது நேரம். விழுங்குறது இல்ல. சிரிச்ச முகமா இருக்கிறதும் இல்ல. அவங்க சொன்னதுக்கும் நான் திருப்பிச் சொல்றதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில என்ன செய்யணும்னு என்கிட்ட கேட்டா, டாக்டர் புத்தியோட ஒண்ணு சொல்வேன். பாருங்க. எதிர்ல இருக்கிற ஆளை நல்லாப் பாருங்க.

ஒரு சம்பவம். அடையாளம் தெரியாதபடி மாத்தியிருக்கேன். ஒரு டிசம்பர் 24 ராத்திரி, கேஷுவாலிட்டி டியூட்டி. மணி ரெண்டு இருக்கும். கேரல் ரவுண்ட்ஸ் போன பையங்க ஆட்டோவுல ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. ஐம்பது வயசுக்காரர். "தண்ணி போட்டுட்டு அலம்பல் பண்ணுதாரு டாக்டர். கிறிஸ்துமஸ் தாத்தாவையே பிடிச்சுத் தள்ளிட்டாரு." பாதிப் பேர் சிரிச்சிட்டு இருந்தாங்க. ஒருத்தன் வீடியோ எடுத்துட்டு இருந்தான். அவருக்கு உடம்பு முழுக்க வேர்வை. டிசம்பர் குளிர்ல சட்டை நனைஞ்சிருக்கு. பக்கத்துல போனா சாராய வாடையே இல்ல. விரல்ல குத்திப் பாத்தா சர்க்கரை 38. ராத்திரி இன்சுலின் போட்டுட்டு, ரவுண்ட்ஸ் போற அவசரத்துல சாப்பிடாமப் போயிருக்கார். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் நரம்புல ஏத்தினோம். கொஞ்ச நேரத்துல கண்ணைத் திறந்து, "ஆராதனைக்கு மணி அடிச்சாச்சா?"ன்னு கேட்டார். பின்னாலேயே ஓடி வந்த அவர் வீட்டம்மா சொன்னாங்க, அந்த மனுஷன் ஆயுசுல குடிச்சதே இல்லையாம். வீடியோ எடுத்த பையன் அதை அழிச்சிட்டு, வெளிய போய் நின்னுட்டான்.

அதனால பண்டிகைக்கு வீட்டுக்குப் போனதும் உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு: இவங்க எப்பவும் இப்படித்தானா, இல்ல இப்பத்தான் இப்படியா?

இப்பத்தான்னா, குணத்தைத் திட்டுறதுக்கு முன்னாடி உடம்பைப் பாருங்க. வயசானவங்க குணம் திடீர்னு மாறினா காது, சர்க்கரை, சோடியம் குறைவு (சில பிரஷர் மாத்திரைகள்ல இது வரும்), மூத்திரக் கிருமி, தைராய்டு, மனச்சோர்வு எதுவும் இருக்கலாம். மனச்சோர்வு ஆம்பளைங்ககிட்ட அழுகையா வராம எரிச்சலா வர்றது சகஜம். மறதி நோயின் தொடக்கத்துல சில பேருக்கு மறதியைவிடச் சந்தேகமும் கோபமும்தான் முன்னால தெரியும். வருஷம் முழுக்க ரெண்டு பேர் இருந்த வீட்டுல திடீர்னு இருபது பேர், படுக்கை மாறியாச்சு, சாமான் இடம் மாறியாச்சுன்னா, சாயங்காலம் ஆக ஆக அவங்களுக்குத் தடுமாற்றம் கூடும். "என் பணத்தை எடுத்துட்டீங்க"ன்னு அம்மா சொன்னா அதுக்குப் பதில் வாதம் இல்ல. பண்டிகை முடிஞ்சு ஒரு டாக்டர்.

குடிக்கிறவங்க விஷயத்துல ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகணும். தினமும் நிறையக் குடிக்கிற ஆளை, பண்டிகை நாள்ல மானம் போகும்னு 24-ம் தேதி ரூம்ல போட்டுப் பூட்டி, ஒரே நாள்ல நிப்பாட்ட வைக்காதீங்க. முதல் நாளே கை நடுக்கம், தூக்கமின்மை வரும். வலிப்பும் வரலாம். ரெண்டு மூணு நாள்ல, இல்லாத ஆளைப் பாத்துப் பேச ஆரம்பிச்சு, உயிருக்கே ஆபத்தாகலாம். 27-ம் தேதி எங்ககிட்ட கட்டிலோட கட்டி வர்ற ஆட்களை "பேய் பிடிச்சிருக்கு, ஜெபம் பண்ணினோம், கேக்கல"ன்னு சொல்லிக் கொண்டுவர்றாங்க. ஜெபம் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி 108-ஐக் கூப்பிடுங்க. நிப்பாட்டுறதுன்னு முடிவு பண்ணினா ஆஸ்பத்திரியில வச்சு, மாத்திரையோட நிப்பாட்டலாம்.

எப்பவும் இப்படித்தான்கிற ரகத்துக்கு என்கிட்ட மாத்திரை இல்ல. எங்க அத்தை அந்த ரகம். ஒரு வருஷம் கோபத்தை அடக்கிட்டு, "அத்தை, நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?"ன்னு திருப்பிக் கேட்டேன். கேலியாத்தான் கேட்டேன், பொய் சொல்லல. அவங்க எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கைப் பாடம் பாடமாச் சொன்னாங்க. கணக்குல எத்தனை, அறிவியல்ல எத்தனை, எந்த டீச்சர் வீட்டுக்கே வந்து, "பிள்ளையை மேல படிக்க வைங்க"ன்னு தாத்தாகிட்ட கேட்டாங்க, தாத்தா என்ன பதில் சொன்னார். அரை மணி நேரம். கேக் வெட்டக் கூப்பிட்டும் எந்திரிக்கல. அடுத்த வருஷமும் அதே கேள்விதான் கேட்டாங்க, "இன்னும் எம்.பி.பி.எஸ். மட்டுந்தானா?"ன்னு. கேள்வி மாறல. எனக்குக் கேட்ட விதம் மாறிடுச்சு. எரிச்சல் முழுக்கப் போச்சான்னா, இல்ல. பாதி போச்சு.

சரி, இங்க ஒரு கோடு போடணும். இந்தத் திரெட் எழுத உக்காந்ததே இதுக்காகத்தான்.

டிசம்பர் 26, 27 தேதிகள்ல எங்ககிட்ட ஒரு வகை நோயாளிகள் வருவாங்க. எல்லா ஊர் அரசு டாக்டர்களுக்கும் தெரியும். புதுச்சேலை, நெத்தியில வெட்டு. "பாத்ரூம்ல வழுக்கிட்டேன் டாக்டர்." தையல் போட கையைப் பிடிச்சா, மேல்கையில நாலு விரல் தடம் நீலமா இருக்கும். பாத்ரூம் தரைக்கு விரல் கிடையாது. கூட வந்தவங்களை வெளிய அனுப்பிட்டுக் கேட்டா சில பேர் சொல்வாங்க. ஒரு அக்கா சொன்னது மறக்காது. ஏற்கெனவே ரெண்டு தடவை சபைப் பெரியவர் ஒருத்தர்கிட்ட போய்ச் சொல்லியிருக்காங்க. அவர் சொன்ன புத்திமதி, "பண்டிகை நாள்ல பிரச்சினை பண்ணாதம்மா, நீ நீடிய பொறுமையா இருந்தா அவர் மாறுவாரு."

தப்பான நோயாளிக்குத் தப்பான மருந்துன்னு மேல சொன்னேனே, அது இதுதான்.

அந்தச் சொல் வேதத்துல முதன்மையா யாருக்குச் சொல்லப்படுதுன்னு பாருங்க. கடவுளுக்கு. தண்டிக்க முழு அதிகாரமும் பலமும் இருந்தும் நிதானிக்கிறவருக்கு. மத்தேயு 18-ம் அதிகாரத்துல ஒரு கதை வரும். பெரிய கடன்காரன் ராஜா கால்ல விழுந்து, என்மேல பொறுமையா இருங்கன்னு கெஞ்சுவான். ராஜா கடனையே விட்டுடுவார். அவன் வெளிய வந்து, தனக்குச் சின்னக் கடன் பட்டவனோட கழுத்தைப் பிடிப்பான். அந்த ஆளும் அதே பொறுமையைத்தான் கேட்பான். ரெண்டு இடத்திலும் பொறுமை யார்கிட்ட கேட்கப்படுது? கையில பிடி இருக்கிறவன்கிட்ட. கழுத்து நெரிபடுறவன்கிட்ட இல்ல. நம்ம வீடுகள்ல இது அப்படியே தலைகீழ். மாமியாருக்கு மருமகள் பொறுக்கணும். குடிகாரப் புருஷனுக்குப் பொண்டாட்டி பொறுக்கணும். 40 பேருக்குச் சமைச்ச மதினி, உக்காந்து தின்ன கொழுந்தனைப் பொறுக்கணும். பொறுமைப் பிரசங்கம் பண்ற ஐயர்மார்கள் தயவுசெய்து இந்த டிசம்பர்ல ஒரு தடவையாவது ஆம்பளைங்க பக்கத்து பெஞ்சைப் பாத்து அதைப் பண்ணுங்க.

இன்னொண்ணு. இயேசுவை விசாரணையில ஒரு சேவகன் கன்னத்துல அறைஞ்சப்ப, அவர் சும்மா இருக்கல. நான் தப்பாப் பேசியிருந்தா எது தப்புன்னு சொல்லு, சரியாப் பேசியிருந்தா எதுக்கு அடிக்கிறன்னு நியாயம் கேட்டதா யோவான் 18-ல இருக்கு. கேள்வி கேட்டதால அவர் பொறுமை இல்லாதவர்னு இதுவரைக்கும் யாரும் சொல்லல.

அடி வாங்குற அக்கா தங்கச்சி யாராவது இதை வாசிச்சா: 181. பெண்களுக்கான இலவச உதவி எண், 24 மணி நேரமும் இருக்கும், கிறிஸ்துமஸ் அன்னைக்கும் இருக்கும். ஆஸ்பத்திரிக்கு வந்தா நடந்ததை நடந்தபடி சொல்லுங்க, நாங்க பதிவு பண்ணுவோம். 2005-ம் வருஷத்து குடும்ப வன்முறைச் சட்டப்படி, உங்களுக்குச் சிகிச்சை தர முடியாதுன்னு எந்த மருத்துவமனையும் சொல்லக்கூடாது. இதுக்குப் பேரு பொறுமையின்மை இல்ல.

அடிதடி இல்ல, ஆனா சேர்ந்து இருந்தா ரெண்டு பேருக்கும் ரத்தக் கொதிப்புதான்கிற உறவுகளும் உண்டு. அதுக்கும் வேதத்துலயே உதாரணம் இருக்கு. பவுலும் பர்னபாவும் மாற்குவைக் கூட்டிட்டுப் போறதா வேண்டாமான்னு கடுமையாச் சண்டை போட்டு, ஆளுக்கொரு திசையில பிரிஞ்சு போனாங்க. ரெண்டு பேருமே ஊழியக்காரங்க. பல வருஷம் கழிச்சு அதே பவுல், தன் கடிதத்துல, மாற்குவைக் கூட்டிட்டு வா, எனக்கு உபயோகமா இருப்பான்னு எழுதுறார். நடுவுல அந்தத் தூரம் தேவைப்பட்டிருக்கு. மூணு நாள் தங்கினா சண்டை வரும்னு தெரிஞ்சா, ஒரு நாள் போய்ட்டு வாங்க. பிரியாணி சாப்பிட்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புறது பாவம் இல்ல.

கடைசியா கொஞ்சம் டாக்டர் வேலை. ஸ்வீடன்ல 1998 முதல் 2013 வரை நடந்த 2,83,014 மாரடைப்புகளை எடுத்துப் பாத்திருக்காங்க. 2018-ல வெளிவந்த ஆய்வு. அங்க பண்டிகையின் முக்கிய நாளான டிசம்பர் 24 அன்னைக்கு, அதுக்கு முன்னும் பின்னும் இருக்கிற சாதாரண நாட்களைவிட மாரடைப்பு 37 சதவீதம் கூட. உச்சம் ராத்திரி 10 மணி. 75 வயசுக்கு மேல உள்ளவங்களும், சர்க்கரையோ இதய நோயோ இருக்கிறவங்களும்தான் அதிகம். ஏன்னு அந்த ஆய்வு அடிச்சுச் சொல்லல. கோபம், பதற்றம், துக்கம், உடல் அலுப்பு, கனமான சாப்பாடு, குடின்னு பல காரணம் இருக்கலாம்.

நம்ம ஊர் 25-ம் தேதியை நினைச்சுப் பாருங்க. ராத்திரி பலகாரம் சுட்டுப் படுத்தது 12 மணி. விடியக்காலை ஆராதனைக்கு எந்திரிச்சது 3 மணி. காலைச் சாப்பாடு முறுக்கும் கேக்கும். பிரியாணி தம் போட்டு இறக்கும்போது மத்தியானம் ரெண்டரை. சண்டை வர்றது சரியா ஒன்றரைக்கும் ரெண்டுக்கும் நடுவுல. இதுல பாதி ஆத்துமப் பிரச்சினை இல்ல, பசியும் தூக்கமும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் போடுறவங்களுக்கு வழக்கமான நேரத்துல நாலு இட்லியாவது கொடுத்துடுங்க. வேர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாம கோபப்பட்டா, முழிப்பு இருக்கும்போதே மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் கொடுங்க. மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தாம 108.

அடுக்களையில காலையில இருந்து நிக்கிற அம்மா எரிஞ்சு விழுந்தா, அவங்க சிடுமூஞ்சி இல்ல, அவங்க கால் வலிக்குது. கரண்டியை வாங்குங்க. இந்த வருஷம் ஒருத்தரை இழந்த வீடுகள்ல, பண்டிகையே கொண்டாட மாட்டோம்னு யாராவது முகத்தைத் திருப்பினா, விட்டுடுங்க, சமாதானம் சொல்லாதீங்க, பக்கத்துல உக்காருங்க.

காது கேட்காதவங்களை டிவிக்குப் பக்கத்துலயோ ஃபேனுக்கு நேர் கீழயோ உக்கார வைக்காதீங்க. சுவர்ப் பக்கம் முதுகு இருக்கிற மாதிரி ஒரு நாற்காலி. முதல்ல பேரையோ உறவையோ சொல்லிக் கூப்பிட்டு, முகத்துக்கு நேரா நின்னு, வெளிச்சம் உங்க முகத்துல விழற மாதிரி, கொஞ்சம் தணிஞ்ச குரல்ல, நிறுத்திப் பேசுங்க. கத்தாதீங்க. பக்கத்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இ.என்.டி. பிரிவுல கேள்வித்திறன் பரிசோதனை பண்ணிக்கலாம்.

பெரியப்பா கதையை முடிக்கல இல்லையா. அந்த லெவல் கிராசிங்குக்கு அப்புறம் வந்த ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் எதிர்ல நாற்காலியைப் போட்டு உக்காந்து, தணிஞ்ச குரல்ல, "பெரியப்பா, நான்தான் தப்பு"ன்னேன். ரெண்டு நிமிஷம் பேசாம இருந்தார். அப்புறம், "உங்க அம்ம அன்னைக்கு என்ன கேட்டா?"ன்னு கேட்டார். "பச்சடி வைக்கட்டான்னு கேட்டாங்க." "அவ்வளவுதானா?" அவ்வளவுதான் பெரியப்பா.

பரிசோதனை பண்ணினோம். ரெண்டு காதிலும் நல்ல மந்தம். மிஷின் வாங்கியாச்சு. இதோட அவர் தங்கமான மனுஷனா மாறிட்டார்னு நீங்க நினைச்சா, மாறல. பாதி நேரம் மிஷினைக் கழட்டி டப்பாவுல வச்சிடுறார், "காதுக்குள்ள சந்தைக்கடை வச்ச மாதிரி இருக்கு"ன்னு. (புது மிஷினுக்குக் காதும் மூளையும் பழக வாரக்கணக்கில் ஆகும், தினம் கொஞ்ச நேரமாவது போடணும்னு நான் சொல்லி, அவர் கேட்கல.) மிஷின் போட்ட நேரத்துல, முன்னாடி கேட்காம விட்டதுக்கும் சேர்த்து இப்ப சண்டை போடுறார். அம்மாவும் அவர்கிட்ட முழுசா மனசு ஆறிட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா முன்னால போய் நின்னு, "அத்தான்"னு கூப்பிட்டுட்டுத்தான் கேட்கிறாங்க.

இந்த வருஷமும் எனக்கு 24 ராத்திரி டியூட்டி. காலையில எட்டு மணிக்கு ஒப்படைச்சிட்டு, பஸ் பிடிச்சு ஊருக்குப் போகணும். நேத்து பெரியப்பாகிட்ட இருந்து வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ். தெருவுக்கே கேட்கிற சத்தத்துல பேசியிருக்கார். வரும்போது மிஷினுக்கு பேட்டரி வாங்கிட்டு வரணுமாம். இங்க உள்ள கடையில பழைய சரக்கைக் கொடுத்து ஏமாத்துறானாம். அப்புறம், பிரியாணிக்கு முன்னாடி தனக்கு நாலு இட்லி எடுத்து வைக்க உங்க அம்மகிட்ட சொல்லிடு, போன வருஷம் மூணுதான் வச்சா.

பேட்டரி 13-ம் நம்பர். 24-ம் தேதியே வாங்கிடணும், 25 காலையில ஒரு கடையும் திறந்திருக்காது.